ஈட்டுப் பத்திரமும் இடம் மாறிய எண்ணும்



எங்கள் ஊராகிய கோட்டக்குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் சுமார் முப்பது கிலோமீட்டர் சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காணலாம். பாத்தி பாத்தியாக உவர்நீரைத் தேக்கி வெயிலுக்கு விட்டிருப்பார்கள். விடியற்காலையில் ஆட்கள் வரப்பின் மேல் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல நடப்பதைச் சிறுவனாக இருந்தபோது கண்டு, எதைத் தேடுகிறார்கள் என்று என் தாய்மாமனைக் கேட்டேன். அவர் அங்கே ஓர் அளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். "நண்டு வளையை" என்றார். விரல் நுழையும் அளவு வளை ஒன்று வரப்பில் விழுந்துவிட்டால், இரவோடு இரவாகப் பாத்தி வற்றிப் போகுமாம். வெளியிலிருந்து பார்க்கும்போது வரப்பு முழுமையாகவே தெரியுமாம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உப்பு அன்று, கடன் பத்திரம். சொத்தை ஈடாக வைத்து வாங்கும் கடனுக்கு எழுதிப் பதிவு செய்யும் ஆவணத்தில் நேரும் பிழைகளைப் பற்றியது. கல்லூரியில் வணிகவியல் கற்போர்க்கும், நாளை ஒரு வங்கியிலோ பதிவு அலுவலகத்திலோ அமரப்போவோர்க்கும் மட்டும் உரிய விஷயம் இது என்று எண்ணிவிடாதீர்கள். உங்களில் பெரும்பாலோர் வீட்டில் இப்படி ஒரு பத்திரம் இருக்கும். அல்லது விரைவில் வரும். வீட்டில் படித்த பிள்ளை என்று உங்களிடம்தான் அதை நீட்டுவார்கள். என்னிடமும் அவ்வாறே நீட்டினார்கள்.

அது 1994ஆம் ஆண்டு. நான் அப்போது தலைமையாசிரியன் அல்லேன்; ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த உதவியாசிரியன். என் மாமன் அளத்து வேலையை விட்டு ஓய்ந்திருந்தார். வாழ்நாளெல்லாம் சேர்த்த பணம் எண்பதினாயிரம் ரூபாய் அவர் கையில் இருந்தது. கடைசி மகளை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்புவதற்கென்று வைத்திருந்த தொகை அது. எங்கள் ஊரில் அவருக்கு நெடுநாட் பழக்கமான ஒருவர் தம்முடைய சவுக்குத் தோப்பை ஈடாக எழுதித் தருவதாகக் கூறிக் கடன் கேட்டார். மாமன் இசைந்தார். பத்திர எழுத்தர் ஒருவரிடம் ஆவணம் தயாராயிற்று.

எழுத்தரின் திண்ணையில் மாலை வேளையில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். "வாத்தியார் படிக்கட்டும், அவர் படித்தால் பிழையிராது" என்றார் கடன் வாங்குபவர். எனக்குப் பெருமை தாளவில்லை. ஏற்ற இறக்கத்தோடு உரக்கப் படித்தேன். இரண்டிடத்தில் ஒற்று மிகாமல் விட்டிருந்ததைக் கண்டு திருத்தச் சொன்னேன். எழுத்தரும் சிரித்துக்கொண்டே ஒற்றுகளைச் சேர்த்தார். பிறகு சாட்சியாகக் கையெழுத்திட்டேன்.

தோப்பின் சர்வே எண் 147, உட்பிரிவு 2. பத்திரத்தில் இருந்ததோ 174, உட்பிரிவு 2. ஒற்றுப் பிழையைக் கண்ட கண்ணுக்கு இது தென்படவில்லை. எப்படித் தென்படும்? 'நூற்று எழுபத்து நான்கு' என்று நான் கணீரென்று படித்தேன். கேட்டிருந்தோர் அனைவரும் தலையசைத்தனர். தோப்பு எது என்பது எல்லோர் மனத்திலும் தெளிவாக இருந்ததனால், எண் எதுவாக இருந்தாலும் அவர்கள் தலையசைத்திருப்பார்கள்.

இனி, இப்பிழை எங்கே போய்க் கடித்தது என்பதைச் சொல்வதற்கு முன், பதிவு அலுவலகத்தில் ஒரு பத்திரம் என்னவாகிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

நூறு ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கு நிலத்தையோ வீட்டையோ அடமானம் வைத்தால், எழுதிக்கொடுப்பவர் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளாவது சான்றிட்டு, அதனைப் பதிவு செய்தல் வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் விதிக்கிறது. உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்துப் பெறும் அடமானம் ஒன்றே இவ்விதிக்கு விலக்கு. பதிவு எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுகிறது. நிலம் பற்றிய ஆவணங்கள் முதற் புத்தகம் எனப்படும் பேரேட்டில் ஏறுகின்றன. அப்பேரேட்டுக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று, எழுதிக்கொடுத்தவர், பெற்றவர் ஆகியோரின் பெயர்களால் ஆனது. மற்றொன்று, சொத்துகளால் ஆனது.

ஒரு நிலத்தின் மேல் வில்லங்கம் உண்டா என்று நாளை வந்து கேட்கும் அந்நியர் ஒருவர் பேரேடு முழுவதையும் புரட்டப் போவதில்லை. ஊர்ப்பெயர், சர்வே எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுக்கிறார். அக்காலத்தில் எழுத்தர் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தார். இக்காலத்தில் கணிப்பொறி பார்க்கிறது. இருந்த இடத்திலிருந்தே இணையத்தின் வழியாக வில்லங்கச் சான்று பெறலாம். எவ்வகையில் பார்த்தாலும், கொடுத்த எண்ணின் கீழ் என்ன இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். கணிப்பொறி நம் மாமனின் தோப்பை அறியாது; 147 என்றால் 147ஐத்தான் காட்டும்.

ஆதலின் ஈட்டுப் பத்திரத்தைக் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் இடையிலான உடன்பாடு என்று மட்டும் எண்ணுவது தவறு. அவ்விருவருக்கும் எல்லாம் தெரியும். அவர்களுக்கு அறிமுகமே இல்லாத மூன்றாம் மனிதர் ஒருவருக்கு, இன்னும் வராத ஒருவருக்கு, "இந்த நிலம் ஏற்கெனவே கட்டுண்டிருக்கிறது" என்று அறிவிப்பதற்காகவே அது பதிவாகிறது. பத்திரத்தில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் அம்மூன்றாம் மனிதரின் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் தேடினால் இது அகப்படுமா? இந்த ஒரு கேள்வியை அன்று அந்தத் திண்ணையில் ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாண்டு கழித்து, 1997இல், கடன் வாங்கியவருக்கு மறுபடியும் பணமுடை வந்தது. புதுச்சேரி நகரத்தவர் ஒருவர் அதே தோப்பின் பேரில் கடன் கொடுக்க முன்வந்தார். அவர் எச்சரிக்கையானவர். சர்வே எண் 147, உட்பிரிவு 2க்கு வில்லங்கச் சான்று கேட்டு வாங்கினார். வில்லங்கம் ஏதும் இல்லை என்றே சான்று வந்தது. பணத்தைக் கொடுத்தார், சரியான எண்ணோடு பதிவும் செய்துகொண்டார். அவர் மேல் என்ன குற்றம்? கடன் வாங்கியவர் முதற்கடனை மறைத்தது குற்றந்தான். ஆனால் அதற்கு மறுவருடமே அவர் காலமாகிவிட்டார்.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. அன்று எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. எங்கள் பத்திரத்தின்படி மாமனுக்கு ஈடாக இருந்தது, இக்கதையில் எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒருவரின் நிலக்கடலைக் கொல்லை. அவர் பயிர்க்கடன் கேட்கச் சென்றபோது, தம் நிலத்தின் மேல் எண்பதினாயிரம் ரூபாய் அடமானம் நிற்பதைக் கண்டு திடுக்கிட்டு, பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். சாட்சிக் கையெழுத்தில் என் பெயர் இருந்ததன்றோ? அப்போதுதான் பிழை எங்களுக்கே தெரிய வந்தது.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று மாணவர்கள் கேட்கலாம். பதிவான ஆவணம் உலகினர் அனைவருக்கும் அறிவிப்பாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பதிவு முறைப்படி முடிந்திருக்க வேண்டும். ஆவணம் உரிய புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். அதன் விவரங்கள் அட்டவணையில் சரியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இவை நிறைவேறினால்தான் அது மற்றவர்க்கு அறிவிப்பாகும். அட்டவணை எழுதுபவர் பத்திரத்தில் உள்ளதைப் பார்த்துத்தான் எழுதுவார். பத்திரத்திலேயே 174 என்றிருந்தால் அவர் வேறு என்ன செய்வார்?

எங்கள் பக்கம் ஒரே ஒரு துணை இருந்தது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் செக்குபந்தி, அதாவது நாற்புற எல்லை, சரியாக எழுதப்பட்டிருந்தது. சர்வே எண் ஒன்றைச் சொல்ல, எல்லைகள் ஐயமின்றி மற்றொன்றைச் சொன்னால், நீதிமன்றங்கள் பெரும்பாலும் எல்லைகளையே நம்பும். எழுதிக்கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே அது போதுமானது. தேடிப் பார்த்தும் காணாமல் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்த வேறொருவருக்கு எதிராக அதை நிலைநாட்டுவது மிகக் கடினம் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார்.

பிழைத்திருத்தல் பத்திரம் எழுதலாமே என்றால், முதலில் எழுதிக்கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும். அவர் இல்லை, வாரிசுகள் நால்வர், ஒருவர் வளைகுடா நாட்டில். நீதிமன்றத்தின் மூலம் திருத்தலாம் என்று 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் வழி சொல்கிறது. ஆனால் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து உரிமை பெற்ற மூன்றாம் மனிதருக்கு ஊறு நேராத அளவில்தான் திருத்தலாம் என்று அதே பிரிவு கட்டும் போடுகிறது. சுற்றிச் சுற்றி அந்த மூன்றாம் மனிதரிடமே வந்து நிற்கிறோம், பார்த்தீர்களா?

முடிவில் 2001இல் ஒரு சமாதானம் ஏற்பட்டது. எண்பதினாயிரத்தில் மாமனுக்குத் திரும்பியது நாற்பத்தையாயிரம். அதுவும் இரண்டு தவணையில். வட்டி போயிற்று. அவருடைய மகள் மூன்று வருடம் புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் நின்று சம்பாதித்த பிறகே ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். இன்று அவளும் ஓர் ஆசிரியை. சந்திக்கும்போதெல்லாம் என்னிடம் அன்பாகத்தான் பேசுகிறாள்.

சான்றிடும் சாட்சி, எழுதிக்கொடுப்பவர் கையெழுத்திட்டதைக் கண்டவர் மட்டுமே. உள்ளே எழுதியிருப்பதற்கு அவர் பொறுப்பாளி அல்லர். சட்டம் இதைத் தெளிவாகச் சொல்லி என்னை விடுவித்துவிட்டது. மாமனோ ஒரு நாளும் என்னைக் கடிந்துகொண்டதில்லை. ஒரே ஒரு முறை மட்டும் சொன்னார்: "மாப்பிள்ளே, நீ நன்றாகத்தான் படித்தாய். பட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நம்மில் ஒருவனுக்கும் தோன்றவில்லை." அளத்தில் உப்பு மூட்டைகளை எடுத்தெழுதும்போது ஒருவர் கூற, மற்றொருவர் சீட்டில் புள்ளியிட, இருவராக இருந்தே கணக்கு எழுதிப் பழகியவர் அவர். தம்முடைய சொந்தப் பணத்துக்கு மட்டும் வாத்தியாரின் குரலை நம்பிவிட்டார்.

படித்தல் வேறு, ஒத்துப் பார்த்தல் வேறு. நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகப் பெரியபுராணம் கூறும் வழக்கை உங்களில் பலர் பாடத்தில் படித்திருப்பீர்கள். சுந்தரரின் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டனார் எழுதித் தந்த ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படி ஓலை. மூல ஓலை வேறாக இருக்கிறது. அதனைச் சபையார் முன் படிக்கிறார்கள். அதோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் அருகருகே வைத்து நோக்கிய பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். பக்திச் சுவைக்காகப் படிக்கும் அப்பகுதியை, ஆவணத்தைச் சோதிக்கும் முறைக்காகவும் ஒரு முறை படிக்கலாம். ஐந்தாறு பேர் கூடிய எங்கள் சபையில் இரண்டாவது ஓலை இல்லை.

இத்தகைய பிழை பட்டிக்காட்டுத் திண்ணையில்தான் நேரும் என்று எண்ண வேண்டா. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் பெரிய மோட்டார் நிறுவனம் 2008ஆம் ஆண்டு அக்டோபரில் சுமார் முப்பது கோடி டாலர் கடன் ஒன்றைத் திருப்பிச் செலுத்தியது. கடன் தீர்ந்ததால் ஈட்டுரிமையை நீக்கும் படிவங்களைத் தயாரித்தார்கள். நீக்க வேண்டியவை எவை என்று நிறுவனத்தின் பெயரைக் கொண்டு பதிவேட்டில் தேடியபோது மூன்று அகப்பட்டன. மூன்றாவது, இக்கடனைச் சேர்ந்ததே அன்று. 2006இல் வாங்கிய சுமார் நூற்றைம்பது கோடி டாலர் கொண்ட வேறொரு கடனுக்குரியது. அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இருபக்கத்து வழக்கறிஞர்களும் பார்த்தார்கள். ஆவணங்கள் நன்றாக அமைந்திருக்கின்றன என்று பாராட்டுக்கூடக் கிடைத்தது. எங்கள் திண்ணையில் எனக்குக் கிடைத்ததைப் போல! படிவம் பதிவாயிற்று. மறு ஆண்டு ஜூனில் அந்நிறுவனம் நொடித்துப்போய் நீதிமன்றத்தின் காப்பை நாடிய பின்னரே பிழை வெளிப்பட்டது. கடன் கொடுத்தோர் சார்பில் முகவராக இருந்த ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி, "எங்கள் எண்ணம் அதுவன்று" என்று வாதிட்டது. எண்ணம் எதுவாயினும், அந்தப் படிவத்தைப் பதிவு செய்ய நீங்கள் இசைவு தந்தீர்கள். ஆகவே நீக்கம் செல்லும் என்று 2015 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்துவிட்டது. மூன்றாவது படிவத்தில் குறித்திருந்த எண்ணை அக்கடனின் பத்திரத்தோடு ஒருவர் ஒத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

எண்ணைப் பற்றி இவ்வளவு சொன்னேன். பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அது பெரிய விஷயம். கோட்டக்குப்பம் புதுச்சேரியின் வாசலில் இருக்கிறது. சாலையில் சில அடி நடந்தால் மாநிலம் மாறிவிடும். 1954 நவம்பர் முதல் நாள் வரை அப்புறத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. சட்டப்படி முழுமையாக இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்டு 16இல். அவர்களுடைய ஆவணங்களில் தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் ஏறின. 1881ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் புதிதாகக் குடும்பப் பெயர்களையும் சூட்டிக்கொண்டன. இப்புறத்திலோ தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். ஒரே குடும்பத்தில் அண்ணன் பெயர் ஒரு விதமாகவும் தம்பி பெயர் வேறு விதமாகவும் இருப்பதைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். எங்கள் ஊர் இஸ்லாமியக் குடும்பங்களில் முகமது, முஹம்மது, மொகமது என்று மூன்றும் ஒருவரையே குறிக்கும். அப்துல் ரகுமானும் அப்துர் ரஹ்மானும் ஒருவராகவே இருக்கக்கூடும். நமக்கு அது தெரியும், அட்டவணைக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இத்தொல்லை பொறுக்க மாட்டாமல், தனிமனிதர் ஈடு வைத்தால் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே பெயரை எழுதுக என்று பெரும்பாலான மாநிலங்கள் 2013 முதல் விதி செய்துகொண்டன. நம் பத்திர எழுத்தர்கள் நெடுங்காலமாகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'முருகேசன் என்கிற முருகேச முதலியார்' என்று இரண்டையும் எழுதி, தகப்பனார் பெயரையும் முழுதாகச் சேர்ப்பார்கள். பழைய பத்திரத்தில் உள்ள பெயர், பட்டாவில் உள்ள பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயர் ஆகிய மூன்றும் வேறுபட்டால் மூன்றையும் 'என்கிற' போட்டு எழுதிவிடுவது நல்லது. சற்று அழகு குறைந்தாலும் தேடுபவருக்கு அகப்படும்.

எல்லை ஊர் என்றேன். அதில் இன்னோர் ஆபத்து உண்டு. நிலம் எந்தச் சார்பதிவாளரின் எல்லைக்குள் இருக்கிறதோ, அல்லது நிலத்தின் ஒரு பகுதியாவது இருக்கிறதோ, அங்கேதான் பதிய வேண்டும். முன்னாளில் வசதிக்காக, வேறோர் ஊரில் இல்லாத ஒரு சொத்தைப் பட்டியலில் சேர்த்து அவ்வூரில் பதிவு செய்யும் தந்திரம் இருந்தது. கல்கத்தாவில் ஒருவர் அடமானப் பத்திரத்தில் அந்நகரத்து வீடு ஒன்றைச் சேர்த்துப் பதிந்தார். அப்படி ஒரு வீடே இல்லை. வழக்குப் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1914இல் அப்பதிவே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பணம் கொடுத்தது மெய், கையெழுத்து மெய், முத்திரை மெய்; வீடு மட்டும் பொய். கோட்டக்குப்பத்து மனைக்குப் புதுச்சேரியில் பதிவு செய்யலாமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு இக்கதையைச் சொல்லி, வானூர் வட்டத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

காலக்கெடுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் தவறினால் மேலும் நான்கு மாதம் வரை அபராதத்தோடு ஏற்கக்கூடும். பதிவானபின் அது கையெழுத்திட்ட நாளிலிருந்தே செல்லும். எனவே இன்று வில்லங்கமில்லை என்று வந்த சான்று, நேற்றுக் கையெழுத்தாகி இன்னும் பதிவாகாத பத்திரத்தைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். நிறுவனங்கள் தம் சொத்தின் மேல் ஏற்படுத்தும் பொறுப்பை 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி முப்பது நாளுக்குள் பதிய வேண்டும். வங்கிகளுக்கு 2011 முதல் மத்தியப் பதிவகம் ஒன்று தனியாக இருக்கிறது. ஒரே வீட்டின் பத்திரத்தைக் காட்டிப் பல வங்கிகளில் கடன் வாங்கினவர்களால் நேர்ந்த ஏற்பாடு அது. அங்கும் தேடுவது பெயரையும் எண்ணையும் கொண்டுதான்.

பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் ஒவ்வோரிடத்திலும் எழுதிக்கொடுப்பவர் கையொப்பமோ சுருக்கொப்பமோ இட வேண்டும். இல்லாவிடில் பதிவு அதிகாரி மறுக்கலாம். வெற்றிடம் விடக் கூடாது. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். இவற்றை எழுத்தர்களே நன்கறிவர். அவர்கள் அறிய முடியாதது, உங்கள் நிலத்தின் எண் உண்மையில் எது என்பதைத்தான். பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதியதை எழுதுவது வழக்கம். தமிழ்நாட்டில் 1980களில் நிலவுடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் திட்டம் நடந்தபோது பல ஊர்களில் உட்பிரிவுகள் மாறின. பாட்டனார் காலத்துப் பத்திரத்தின் எண்ணும் இன்றைய பட்டாவின் எண்ணும் வேறாக இருந்தால், பழைய எண் இது, புதிய எண் இது என்று இரண்டையும் குறிக்க வேண்டும். புலப்படத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

கடன் தீர்ந்ததும் பலர் பணத்தைக் கொடுத்துப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாவிட்டால், தீர்ந்த கடனும் வில்லங்கச் சான்றில் உயிரோடு நின்றுகொண்டிருக்கும். இருபது ஆண்டு கழித்துப் பேரனின் படிப்புக்கு அந்த வீட்டை ஈடு வைக்கப் போகும்போது, கடன் கொடுத்தவரும் இருக்க மாட்டார், வாங்கினவரும் இருக்க மாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் பத்திரங்களைக் கொண்டுவருகிறார்கள். இப்போது நான் தனியாகப் படிப்பதில்லை. என் பேத்தி கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். அவளை எதிரே அமர்த்திக்கொள்கிறேன். பத்திரம் என் கையில். பட்டா அவள் கையில். 'நூற்று நாற்பத்தேழு' என்று சேர்த்துச் சொல்வதில்லை. 'ஒன்று, நான்கு, ஏழு' என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்கிறேன். அவள் பட்டாவில் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் புள்ளியிடுகிறாள். பெயரையும் எழுத்தெழுத்தாகவே சொல்கிறேன். பிறகு காகிதங்களை மாற்றிக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை செய்கிறோம். வருபவர்களுக்குச் சில சமயம் பொறுமை போய்விடும்.

சென்ற மாதம் தந்திராயன்குப்பத்து மீனவர் ஒருவர், வீட்டு மனையின் பேரில் படகு எஞ்சினுக்குக் கடன் வாங்குவதற்காக எழுதிய பத்திரத்தைக் கொண்டுவந்தார். நான் உட்பிரிவைச் சொல்லிக்கொண்டு வந்தேன்: "இரண்டு, அ." பென்சில் நின்றுவிட்டது.

"தாத்தா, பட்டாவில் இருப்பது அ இல்லை, ஏ. ஏக்கு அப்புறம் ஒன்று என்றும் இருக்கிறது. திரும்பச் சொல்லுங்கள்" என்றாள்.

மீனவர் எழுந்து, "இன்னும் கையெழுத்துப் போடவில்லை ஐயா" என்று சொல்லிக்கொண்டே பத்திரத்தை வாங்கி மடித்தார். எழுத்தரின் கடை அடைக்கும் நேரமாகிவிட்டிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு விரைந்தார்.